கப்பலின் வாயில்: மோட்டார் வண்டி கடல் கடந்த வரலாறு

வண்டிகளையும் மாந்தரையும் ஏற்றிக் கரை சேர்க்கும் தட்டையான கலத்தை ஈழத்துத் தமிழர் ‘பாதை’ என்றே வழங்குவர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கலம் அப்பெயராலேயே அறியப்படுவது. கலமும் வழியின் ஒரு கூறே என்னும் கருத்து இச்சொல்லில் அடங்கியுள்ளது. எளிதாகத் தோன்றும் இக்கருத்தினை ஆங்கிலக் கால்வாயிற் கப்பல் செலுத்தியோர் நிறைவேற்றுதற்கு நெடுங்காலஞ் சென்றது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று.

டோவர் நீரிணை அதன் மிக ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 21 மைல் அகலமுடையது. 1920ஆம் ஆண்டுகளில் விடுமுறையைக் கழிக்கவோ குடிபெயர்ந்து வாழவோ தன் சொந்த மோட்டார் வண்டியுடன் பிரான்சுக்குச் செல்ல விரும்பிய ஆங்கிலேயன், அவ்வண்டியைச் சரக்காகவே ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாங்கியிலிருந்த பெற்றோல் வடிக்கப்படும். வண்டி பாரந்தூக்கியால் அந்தரத்தில் உயர்த்தப்பட்டுக் கப்பலில் இறக்கப்படும். மறுகரையில் அதே சடங்கு மீண்டும் நிகழும். வண்டியை அயல்நாட்டில் விற்றுவிடாது திருப்பிக் கொணர்வதாகச் சுங்கப் பகுதியினர்க்கு உறுதியளிக்கும் பத்திரங்களும் வேண்டும். மோட்டார்ச் சங்கங்கள் பிணைநின்று இச்சுமையைக் குறைத்தன. ஆயினும், புகையிரதக் கம்பனியார் அறவிட்ட கப்பற் கட்டணத்தை எவராலும் குறைக்க இயலவில்லை.

அதனைக் குறைப்பிக்க முற்பட்டவர் கப்டன் ஸ்டுவாட் டௌன்சென்ட் என்பார். 1928ஆம் ஆண்டு அவர் ‘ஆர்ட்டிபிசர்’ என்னும் நிலக்கரிக் கப்பலொன்றை வாடகைக்கு அமர்த்தி, 15 வண்டிகளையும் 12 பயணிகளையும் ஏற்றி டோவரிலிருந்து கலேக்குச் செலுத்தினார். கம்பனியாரை நாணச் செய்து கட்டணத்தைக் குறைப்பித்தலே அவர் நோக்கம். சில வாரங்களில் அதனை முடித்துக்கொள்ளவும் எண்ணியிருந்தார். ஆனால் அம்முயற்சி இலாபந் தந்தது. போராட்டமாகத் தொடங்கியது வணிகமாயிற்று. 1930இல், கண்ணிவாரும் போர்க்கப்பலாயிருந்த ஒன்றை வாங்கித் திருத்தி, ‘போர்டு’ எனப் பெயரிட்டுச் சேவையில் விட்டார். அடுத்த ஆண்டிலே தென் புகையிரதக் கம்பனியாரும் ‘ஓட்டோகரியர்’ என்னும் கப்பலைப் போட்டிக்கு விடுத்தனர்.

‘போர்டு’ கப்பலின் பின்புறத்திற் கீழ்நோக்கி மடியக்கூடிய கதவொன்று அமைந்திருந்தது. வண்டிகள் தாமாகவே கப்பலுள் ஓடிப் புகுதல் வேண்டும் என்பது டௌன்சென்டின் கருத்து. ஆனால் துறைமுகங்களில் அதற்கேற்ற மேடை இல்லை. கதவிருந்தும் பாரந்தூக்கியே தொழிற்பட்டது. 1936இற் பிரான்சிற் பாரந்தூக்கி இயக்குவோர் வேலை நிறுத்தஞ் செய்தபோது மாத்திரம் அக்கதவு தன் பயனைக் காட்டிற்று. தொழிலாளர் கைவிட்ட வேளையிலே வண்டிகள் தம் சக்கரத்தால் ஓடி ஏறின!

மேடை அமைத்தற்குத் தடையாயிருந்தது யாதெனில், கடலின் வற்றுப்பெருக்கே. டோவரில் நீர்மட்டம் ஒரே நாளில் ஏறக்குறைய 20 அடி ஏறியிறங்கும். கரை நிலைத்து நிற்கக் கப்பல் உயர்ந்துந் தாழ்ந்தும் போகுமாயின் இரண்டிற்கும் பாலமிடுதல் எங்ஙனம்? 1936இல் தொடங்கிய புகைவண்டிக் கப்பற் சேவைக்காக, வாயிலடைத்து நீரிறைத்து மட்டத்தைச் சமன்செய்யும் தனித் துறையொன்று டோவரிற் கட்டப்பட்டது. பெரும்பொருட் செலவில் முடிந்த அவ்வேற்பாடு பிற துறைகளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் உலகப் போரிலே தாங்கிகளைக் கரையிறக்கிய கப்பல்கள், முகப்பைத் திறந்து வண்டிகளை வெளிவிடும் முறை இயலும் என்பதை யாவர்க்கும் உணர்த்தின. பின்னர் ஏறியிறங்கும் பாலங்கள் கலேயில் 1951இலும், டோவரின் கிழக்குத் துறையில் 1953 யூன் 30ஆம் நாளிலும் பயன்பாட்டிற்கு வந்தன. 120 வண்டிகளை ஏற்றவல்ல ‘லோட் வாடன்’ 1952இலேயே கட்டப்பட்டிருந்தது.

டோவர்த் துறை திறக்கப்படுதற்கு ஐந்து மாதம் முன்னர், அதே வகையான பின்வாயிலுடைய ‘பிரின்செஸ் விக்டோரியா’ ஸ்கொத்லாந்தின் ஸ்ட்ரான்ரேர்த் துறையிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குப் புறப்பட்டது. அது 1953 சனவரி 31ஆம் நாள். பெரும்புயலின் அலைகள் பின்வாயிற் கதவுகளை உடைத்தன; புகுந்த நீர் வண்டித்தளத்திலே தேங்கிற்று; கப்பல் சாய்ந்து மூழ்கிற்று. 130இற்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோருள் ஒரு பெண்ணோ குழந்தையோ இல்லை. கம்பியில்லாத் தந்தியாளர் டேவிட் புரோட்பூட் இறுதிவரை தம் இடம் விட்டகலாது செய்தி அனுப்பி உயிர்நீத்தார். கதவுகள் போதிய வலிமையற்றவை என்பதும், புகுந்த நீர் வெளியேறுதற்கு வடிகால் போதாது என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன.

இங்கே சிறிது நின்று கப்பலின் அமைப்பை நோக்குதல் தகும். ஏனைய கப்பல்களின் உடல் குறுக்குச் சுவர்களாற் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓரறையிற் புகுந்த நீர் அங்கேயே நிற்கும். வண்டிகள் தடையின்றி ஓடவேண்டுமாயின் வண்டித்தளத்திற் சுவர் இருத்தலாகாது. தாம்பாளத்தில் ஊற்றிய நீர் அதனைச் சிறிது சாய்த்த அளவிலே ஒரு பக்கமாகத் திரளுதல்போல, அகன்ற தளத்திற் புகுந்த நீர் சாய்ந்த பக்கத்தே திரண்டு சாய்வை மேலும் பெருக்கும். பயணியின் வசதியும் கப்பலின் கேடும் ஒரே தளத்தினின்றும் பிறந்தவை.

எனினும் வசதியே முந்திச் சென்றது. 1962இல் டௌன்சென்ட் கம்பனியின் ‘பிரீ எண்டர்பிரைஸ்’ வந்தது. 1964இற் சவுதாம்டனிலிருந்து ஓடத்தொடங்கிய ‘வைக்கிங்’ கப்பலில் முன்னும் பின்னும் வாயில் இருந்தமையால், ஒரு வாயிலாற் புகுந்த வண்டி திரும்பாமலே மறுவாயிலால் வெளியேறலாயிற்று. கூடாரமும் குழந்தைகளுமாக விடுமுறைக்குச் செல்வோரும், கட்டில் மெத்தையை வண்டியின் மேற்கட்டிக் குடிபெயர்வோரும் இப்போது அதே வரிசையில் நின்றனர். முன்னர்ச் செல்வர்க்கே உரியதாயிருந்த பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிற்று. இதனை நன்மையென்றே கொள்ளல் வேண்டும்.

1987 மார்ச் 6ஆம் நாள் மாலை, ‘ஹெரால்ட் ஒவ் பிரீ எண்டர்பிரைஸ்’ பெல்ஜியத்தின் சீபுருக் துறையை விட்டு முன்வாயில் திறந்தபடியே புறப்பட்டது. கதவை மூடவேண்டியவர் தம் அறையில் உறங்கினார். மூடப்பட்டதை உறுதி செய்யவேண்டியவர் தம் இடத்தில் இல்லை. கப்டனோ கதவைக் காண முடியாத உயரத்தில் நின்றார். ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்திற் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். கதவின் நிலையைக் காட்டும் விளக்கொன்றை மேல்மேடையில் வைக்குமாறு கம்பனியின் கப்டன்மார் முன்னரே கேட்டிருந்தனர், அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. நீதிபதி ஷீன் நடத்திய விசாரணை, உறங்கிய ஊழியனோடு அமையாது கம்பனியின் மேல்மட்டம் வரை குற்றங் கண்டது. அவ்வாண்டு முடியுமுன் டௌன்சென்ட் என்னும் பெயர் கம்பனியினின்றும் நீக்கப்பட்டது.

1994 செப்டெம்பர் 28ஆம் நாள் போல்டிக் கடலில் ‘எஸ்தோனியா’வின் முன்வாயில் அலைகளாற் பிடுங்கப்பட, 852 பேர் மடிந்தனர். அதன் பின்னரே வட ஐரோப்பிய நாடுகள் சில 1996இல் ஸ்டொக்ஹோமில் ஓருடன்பாடு செய்தன. சேதமுற்ற வண்டித்தளத்தில் அரை மீற்றர் வரை நீர் நின்றாலுங் கப்பல் கவிழாது நிற்றல் வேண்டும் என்பது அதன் விதி. அவ்விதிக்கு அமைதற்பொருட்டு, முன்னர் வெறுமையாய்க் கிடந்த தளத்தின் குறுக்கே கதவுகள் பொருத்தப்பட்ட கப்பல்களும் உள. வண்டிகள் ஏறும்வரை அவை திறந்து நிற்கும். கப்பல் புறப்படுமுன் மூடப்படும்.