எட்ஜ்வுட்டும் அலமோ ஹைட்ஸும்: ஒரு பள்ளி வட்டாரத்தின் கணக்கு

சான் அன்டோனியோவில் வீடு தேடத் தொடங்கியபோது அலுவலகத்துத் தமிழ் நண்பர்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?" எத்தனை அறை, என்ன விலை, கோவில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகுதான். நானும் எல்லோரையும் போலத்தான் செய்தேன். இணையத்தில் மதிப்பெண் பார்த்து, பச்சை நிறத்தில் இருந்த பகுதியில் வீடு வாங்கினேன். அந்தப் பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கத் தொடங்கியது மூன்று வருடம் கழித்து, என் மகள் படிக்கும் பள்ளியை மூடப் போகிறோம் என்று வட்டாரக் குழு அறிவித்தபோது. இந்தக் கட்டுரை அந்த யோசனையின் விளைவு.

முதலில் சொல்லைச் சரிசெய்து கொள்வோம். டிஸ்ட்ரிக்ட் என்றதும் நமக்கு மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. டெக்சாஸில் ஒரு பள்ளி வட்டாரம் என்பது தனி அரசாங்கம். நகராட்சிக்கும் கவுன்ட்டிக்கும் கட்டுப்பட்டதல்ல. அதற்கென்று எல்லை, தேர்தல், வரி விதிக்கும் அதிகாரம், கடன் பத்திரம் வெளியிடும் அதிகாரம் எல்லாம் உண்டு. மாநிலத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. சான் அன்டோனியோ இருக்கும் கவுன்ட்டியின் பெயரை பெக்சர் என்று எழுதி 'பேர்' என்று உச்சரிக்கிறார்கள். அந்த ஒரு கவுன்ட்டிக்குள்ளேயே ஒரு டஜனுக்கு மேல் வட்டாரங்கள். ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஒரு வட்டாரம், எதிர்ப்பக்கம் வேறு வட்டாரம் என்பதெல்லாம் இங்கே சாதாரணம். நான் படித்தது ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். அங்கே வாத்தியார் சம்பளம் சென்னையிலிருந்து வந்தது. பக்கத்து ஊரில் நிலம் என்ன விலைக்குப் போகிறது என்பதற்கும் எங்கள் பள்ளிக் கரும்பலகைக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. இங்கே சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது இதே ஊரின் மேற்குப் பகுதியில் இருக்கும் எட்ஜ்வுட் என்னும் வட்டாரம்.

1968 மே 16. எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி வட்டாரக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். உடைந்த ஜன்னல்கள், தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள், கழிப்பறையில் அடிப்படை வசதி இல்லை என்பவை புகார்கள். பெற்றோர் முதலில் நிர்வாகம் பணத்தைத் தின்றுவிட்டது என்றுதான் சந்தேகித்தார்கள். (நாமும் அப்படித்தான் சந்தேகித்திருப்போம்.) ஆர்தர் கோச்மன் என்ற வழக்கறிஞர் கணக்கைப் பார்த்துவிட்டு, தின்பதற்கே பணம் இல்லை என்பதை எடுத்துச் சொன்னார். விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்துவந்த டிமெட்ரியோ ரோட்ரிகஸ் பெயரில் அந்த ஆண்டே வழக்குப் போடப்பட்டது.

நீதிமன்ற ஆவணத்தில் இருக்கும் 1967-68ஆம் ஆண்டுக் கணக்கு இது. எட்ஜ்வுட்டில் சுமார் 22,000 மாணவர்கள். அவர்களில் 90 சதவீதம் மெக்ஸிகோ வம்சாவளியினர், 6 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர். கடைகளோ தொழிற்சாலைகளோ அதிகம் இல்லாத குடியிருப்புப் பகுதி. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பிரித்தால் அங்கிருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். காரில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள அலமோ ஹைட்ஸில் அதே கணக்கு 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். நகரப் பகுதியிலேயே அதுதான் அதிகபட்ச விகிதம். அப்படிக் கட்டியும், மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய உள்ளூர்ப் பங்கு போகக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு மாணவருக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் வரி போட்டு 333 டாலர் திரட்டியது.

இந்த இரண்டு வரிகளை மறுபடி ஒருமுறை படியுங்கள். அதிகம் கட்டியவனுக்கு 26, குறைவாகக் கட்டியவனுக்கு 333.

மாநில அரசு இந்தப் பள்ளத்தை நிரப்பியதா? அதன் அடிப்படைத் திட்டத்திலிருந்து எட்ஜ்வுட்டுக்கு மாணவருக்கு 222 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 225. பணக்கார வட்டாரத்துக்கு மூன்று டாலர் அதிகம்! மத்திய அரசு எட்ஜ்வுட்டுக்கு 108, அலமோ ஹைட்ஸுக்கு 36 தந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் 356க்கு எதிரே 594.

1971இல் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் ரோட்ரிகஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை மாற்றியது. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல, சீர்திருத்தம் தேவைதான் என்றாலும் அது மாநிலங்களின் வேலை என்பது பெரும்பான்மையின் சாரம். அதை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தவர். தர்குட் மார்ஷல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வழக்கின் பெயரில் இன்றுவரை எதிரியாக நிற்பது சான் அன்டோனியோ வட்டாரம். உண்மையில் அதைக் கீழ் நீதிமன்றமே வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. பிறகு அது ரோட்ரிகஸ் தரப்பை ஆதரித்தே மனுப் போட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கூட்டாட்சிக் கதவு மூடிய பிறகு மாநிலக் கதவைத் தட்டினார்கள். டெக்சாஸ் அரசியல் சட்டம் திறமையாக இயங்கும் இலவசப் பொதுப் பள்ளி அமைப்பு வேண்டும் என்கிறது. 1984இல் எட்ஜ்வுட் தொடுத்த வழக்கில் 1989 அக்டோபரில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், மாணவருக்குச் சொத்து மதிப்பில் மிகப் பணக்கார வட்டாரத்துக்கும் மிக ஏழை வட்டாரத்துக்கும் 700க்கு 1 என்ற வித்தியாசம் இருக்கும்போது இதைத் திறமையான அமைப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கேட்டது. சட்டமன்றம் இயற்றிய மாற்றுச் சட்டங்கள் இரண்டு முறை நீதிமன்றத்தில் தோற்றன. 1993இல் வந்ததுதான் 'ராபின் ஹூட்' என்று எல்லோரும் அழைக்கும் முறை. மாணவருக்கு 280,000 டாலருக்கு மேல் சொத்து மதிப்புள்ள வட்டாரங்கள் மிகுதியைப் பங்கிட வேண்டும் என்பது அப்போதைய அளவு. 1995இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அலமோ ஹைட்ஸ் அப்படிப் பணம் கொடுக்கும் வட்டாரங்களில் ஒன்று. இன்று மிக அதிகமாகக் கொடுப்பது ஆஸ்டின். அங்கே வீட்டு விலை ஏறியது, ஏழை மாணவர்களும் நிறைய இருக்கிறார்கள். நிலம் பணக்கார நிலம் என்பதால் பிள்ளைகளும் பணக்காரர்கள் என்று சூத்திரம் நினைத்துக்கொள்கிறது. ராபின் ஹூட்டில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்.

இப்போதைய சூத்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுவதையும் விளக்கினால் நீங்கள் பக்கத்தை மூடிவிடுவீர்கள். ஒரு மாணவருக்கு அடிப்படைத் தொகை என்று ஒன்று. 2019இல் அது 6,160 டாலர் ஆனது. நடுவில் விலைவாசி எங்கேயோ போன பிறகும் 2025 வரை அப்படியே இருந்து, அந்த ஆண்டு 55 டாலர் கூடியது. வேறு தலைப்புகளில், குறிப்பாக ஆசிரியர் ஊதியத்துக்கு, அதே சட்டம் கூடுதலாகக் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏழை மாணவர், ஆங்கிலம் கற்கும் மாணவர், சிறப்புக் கல்வி தேவைப்படும் மாணவர் என்றால் எடை கூடும். 5,000க்குக் குறைவான மாணவர் உள்ள சிறிய வட்டாரங்களுக்கும் தனிச் சலுகை உண்டு. ஆனால் பணம் பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கு அல்ல, சராசரி தினசரி வருகைக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகாவிட்டால் வட்டாரத்துக்கும் கொஞ்சம் காய்ச்சல்.

வரியில் இரண்டு பகுதிகள். ஒன்று நடைமுறைச் செலவுக்கு, மற்றொன்று கடன் அடைக்க. புதிய கட்டடம் வேண்டுமென்றால் வாக்காளர் ஒப்புதலோடு கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அந்தப் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. "ஸ்டேடியம் கட்டக் காசு இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா?" என்று கோபப்படும் நண்பர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் 2023இல் 100,000 டாலரும் 2025இல் 140,000 டாலரும் விலக்கு வந்தது. அந்த இழப்பை மாநிலம் ஈடுகட்டுகிறது. அதாவது வட்டாரம் ஆஸ்டின் சட்டமன்றத்தை இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கிறது.

நிர்வாகம் பெரும்பாலும் ஏழு பேர் கொண்ட அறங்காவலர் குழுவிடம். வாக்காளர் தேர்ந்தெடுப்பவர்கள், சம்பளம் கிடையாது. அவர்கள் கண்காணிப்பாளரை நியமிக்கிறார்கள், வரி விகிதத்தையும் பட்ஜெட்டையும் நிறைவேற்றுகிறார்கள். பள்ளியை அன்றாடம் நடத்துவது கண்காணிப்பாளர் வேலை. இந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எட்ஜ்வுட்டே உதாரணம். 2016இல் குழுவுக்குள் சண்டை முற்றி, காலியான ஓர் இடத்தை நிரப்பக்கூட முடியாத நிலையில், மாநிலக் கல்வி ஆணையர் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவை ஒதுக்கி நியமனக் குழுவை வைத்தார். வாக்குரிமைக்கும் பணத்துக்கும் அத்தனை வருடம் போராடிய ஊர். பிறகு படிப்படியாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள்.

தேர்ச்சி எப்படி? மாநிலம் வட்டாரங்களுக்கு 2018 முதல் ஏ-யிலிருந்து எஃப் வரை தரம் போடுகிறது. மாணவர் சாதனை, முன்னேற்றம் என்ற இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், பின்தங்கிய பிரிவினரின் இடைவெளியைக் குறைத்ததற்கு 30. முன்னேற்றத்தைச் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் வீடு விற்கும் தளங்கள் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணையே நிறமாகக் காட்டுகின்றன. எட்ஜ்வுட்டில் இன்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை மாணவர்கள். 22,000 பேர் படித்த வட்டாரத்தில் இப்போது அதில் பாதிகூட இல்லை. 1998 முதல் பத்தாண்டுகள் தனியார் அறக்கட்டளை ஒன்று எட்ஜ்வுட் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகப் பணம் கொடுத்ததும், பிறகு வந்த சார்ட்டர் பள்ளிகளும், குறைந்த பிறப்பு விகிதமும் காரணங்களில் சில. பிள்ளை குறைந்தால் பணம் குறையும். கூரையும் பேருந்தும் குளிர்சாதனமும் அதே விகிதத்தில் குறைவதில்லை.

எங்கள் வட்டாரத்திலும் இதே கதைதான் சிறிய அளவில். பெயர் வேண்டாம். 450 பேருக்குக் கட்டிய ஆரம்பப் பள்ளியில் 260 பேர். பொதுமக்கள் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம். நான் எக்ஸெலில் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்: மூடினால் மிச்சமாவது இவ்வளவு, கூடுதல் பேருந்துச் செலவு இவ்வளவு, வேறு வட்டாரத்துக்குப் போய்விடும் பிள்ளைகளால் இழப்பது இவ்வளவு. இரண்டாவது அட்டவணையிலேயே மணி அடித்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்த மூதாட்டி பேப்பர் எதுவும் இல்லாமல், தன் மகனும் பேரனும் படித்த பள்ளி இது, தாத்தா பாட்டி நடந்தே வந்து பிள்ளையை அழைத்துப் போகும் தூரத்தில் இருப்பது இது ஒன்றுதான் என்று ஸ்பானிஷில் சொன்னார். மொழிபெயர்ப்பு முடிவதற்குள் அவருடைய நேரமும் முடிந்தது.

நான்குக்கு மூன்று என்று மூட முடிவானது. வாக்களித்த நால்வரில் ஒருவர் அந்தப் பள்ளியிலேயே படித்தவர். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அவரே என்னிடம் வந்து, உங்கள் அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா, பேருந்துச் செலவு நாங்கள் போட்டதைவிட உங்களுடையது சரியாக இருக்கிறது என்றார். அனுப்பினேன். ஆகஸ்டிலிருந்து என் மகள் நான்கு மைல் தள்ளி இருக்கும் பள்ளிக்கு ஏழாம் எண் பேருந்தில் போய் வருகிறாள். அடுத்த மே மாதம் குழுவில் இரண்டு இடங்களுக்குத் தேர்தல் வருகிறது. குடியுரிமை இல்லாததால் எனக்கு வாக்கு இல்லை.