தேசத்திற்குப் பெயர் தந்த மரம்

ஆற்றின் பெயராலும் குலத்தின் பெயராலும் வழங்கும் தேசங்கள் உலகில் பல. ஒரு மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் பெருந்தேசம் பிரேசில். அப்பெயரின் வரலாற்றைத் தேடிச் சென்றால், அதன் பழைய சுவடு நமது மேற்குக் கரையிலேயே தென்படுகிறது.

கேரளத்து உணவு விடுதிகளில் குடிப்பதற்கு இளஞ்சிவப்பான வெந்நீர் தருவதை அங்கு வாழும் நம்மவர் நன்கறிவர். பதிமுகம் என்னும் மரத்தின் சீவலை இட்டுக் காய்ச்சிய நீர் அது. பதங்கம் என்றும் கூறப்பெறும் இம்மரத்தின் வைரம், துணிகளுக்குச் சாயம் ஏற்றும் பொருட்டு முற்காலத்தில் மேலை நாடுகளுக்குச் சென்றது. ஐரோப்பியர் அதனைப் 'பிரசில்' என்றனர். தணலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த பெயர் அது என்பர். கொல்லத்தில் கிடைத்த இச்சரக்கின் உயர்வை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ குறித்திருக்கிறார்.

1500ஆம் ஆண்டில், கள்ளிக்கோட்டையை நாடிப் புறப்பட்ட காப்ரால் என்பவரின் போர்ச்சுகீசியக் கப்பல்கள் மேற்கே வெகுதூரம் விலகிச் சென்று, ஏப்ரல் 22ஆம் நாள் தென்னமெரிக்கக் கரையைக் கண்டன. புதிய நிலத்திற்குச் சிலுவையின் பெயரைச் சூட்டிவிட்டு அவை பயணத்தைத் தொடர்ந்து, செப்டம்பரில் கள்ளிக்கோட்டை சேர்ந்தன.

அக்கரையோர மழைக்காட்டில் முள்ளடர்ந்த மரம் ஒன்று இருந்தது. பதங்கத்தைப் போலவே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் போலவே செஞ்சாயம் தருவது. அந்நாட்டுத் துப்பி மக்கள் அதனைச் 'செம்மரம்' என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். வந்தவர்களோ தாம் முன்பே அறிந்த கீழைநாட்டுச் சரக்கின் பெயரையே அதற்கும் இட்டனர். கோடரிக்கும் கத்திக்கும் ஈடாகத் துப்பி மக்கள் மரங்களை வெட்டிக் கரைக்குச் சுமந்து வந்தனர். வியாபாரம் ஓங்கவே, மரத்தின் பெயர் மண்ணின் பெயராயிற்று. சிலுவையின் பெயரை ஒரு சாயமரம் விழுங்கிவிட்டதே என்று வரலாற்றாசிரியர் பாரோஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே வருந்தினார்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1596இல் ஏற்பட்ட சிறைச்சாலையில், இம்மரத்தை அரத்தால் அராவித் தூளாக்குவதே கைதிகளின் வேலை. மறுபுறம் காடு குறைந்துகொண்டே வந்தது. 1605இல் அரசாங்கம் விதித்த சட்டம், அனுமதியின்றி வெட்டுவதைத் தடுத்தது; பெருமளவில் வெட்டுவோர்க்கு மரண தண்டனையும் வகுத்தது. ஆயினும், மரத்தை அரசின் சரக்காகக் காத்த சட்டம் காட்டைக் காக்கவில்லை. கரும்புக்கும் காப்பிக்கும் ஊர்களுக்குமாகக் கரையோரக் காட்டின் பெரும்பகுதி பின்னர் அழிந்தது. 1856இல் தொடங்கிய செயற்கைச் சாயங்கள் வந்த பிறகு மரச்சாயத்தை நாடுவார் அருகினர்.

எனினும் இம்மரத்திற்கு மற்றொரு பயன் நிலைத்தது. நம் கச்சேரி மேடைகளிலும் காணப்பெறும் வயலின் வில்லின் இன்றைய வடிவத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தவர் பிரான்சு நாட்டுத் தூர்த். வளைந்தும் முறியாத இம்மரத்தையே அவர் அதற்குத் தேர்ந்தார்.

1978இல் பிரேசில் இதனைத் தன் தேசிய மரமாகச் சட்டமியற்றி அறிவித்தது. 2007 முதல் இதன் வெளிநாட்டு வியாபாரம் சர்வதேச ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கீழைக் கடற்கரைகளினின்று சென்ற ஒரு பெயர் கடல் கடந்து மரமாகி, மரத்தினின்று தேசமாகிக் கோடிக்கணக்கான நாவுகளில் வாழ்கிறது. அப்பெயரைத் தந்த மரமோ எஞ்சிய காட்டுத் துண்டுகளில் காவலுடன் நிற்கிறது. பெயரைப் பெற்ற தேசம் மரத்திற்குப் பட்ட கடனை இப்போதுதான் தீர்க்கத் தொடங்கியிருக்கிறது.