பஞ்சாயத்தும் கவுன்சிலிங்கும்

கவுன்சிலிங் என்றால் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வுதான் ஞாபகம் வரும். புருஷன் பெண்டாட்டிக்குக் கவுன்சிலிங் என்றால், "இது வெள்ளைக்காரன் பழக்கம், நாலு பெரியவங்க உட்கார்ந்து பேசினால் தீராததா?" என்பார்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில். நாலு பேர் உட்கார்ந்து பேசுவது வெள்ளைக்காரனிடமும் இருந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் புரட்சி என்றால் பஸ்தீய் கோட்டையும் கில்லட்டினும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதே புரட்சிக்காரர்கள் 1790-ல் குடும்ப நியாயசபை ஏற்படுத்தினார்கள். கணவன் மனைவி தகராறு கோர்ட்டுக்குப் போகுமுன் ஆளுக்கு இரண்டு உறவினர்களை மத்தியஸ்தராக வைக்க வேண்டும். உறவினர் இல்லாவிட்டால் நண்பர், அண்டை வீட்டார். 1792-ல் விவாகரத்துச் சட்டம் வந்தது. குணம் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் கேட்டால், உறவினர் சபை மூன்று தடவை கூடிச் சமாதானம் பேச வேண்டும். முதல் கூட்டத்துக்கு ஒரு மாதம், அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. ஆக ஆறு மாதம். நாளடைவில் மத்தியஸ்தர் இடத்தில் வக்கீல்கள் வந்து உட்கார்ந்துவிட, 1796-ல் சபையைக் கலைத்தார்கள்.

நம் நாட்டில் 1955 இந்து திருமணச் சட்டமே, பிரிக்குமுன் சேர்த்துவைக்க முயலும்படி நீதிபதிக்குச் சொன்னது. 1976-ல் இருவரும் சம்மதித்துப் பிரிய வழி வந்தபோது வைத்த காத்திருப்பும் அதே ஆறு மாதம்! (அது கட்டாயமில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.) 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களை உள்ளே கொண்டுவந்து, வக்கீல் வைப்பது உரிமையல்ல என்றது. பிரிவதும் சேர்வதும் நம் மாவட்டங்களுக்கே பழக்கம்: 2001-ல் பிரிந்த அரியலூர், 2002-ல் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. கோப்புகளைச் சுமந்தவர்களுக்குத்தான் கஷ்டம்.

பஞ்சாயத்தில் பேசப்படுவது பெரும்பாலும் இரண்டு குடும்பத்தின் மானம். அந்தப் பெண் வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் சாயங்காலம் டீக்கடையில் அதுதான் பேச்சு. நல்ல ஆலோசகர் இருவரையும் முதலில் தனித்தனியே கேட்கிறார். கேட்டது வெளியே போகாது. பிறகு சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, தனக்கு என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சின்ன வேலை மாதிரி தெரியும். வளைகுடாவில் இருக்கும் கணவன் பணத்தை அம்மாவுக்கு அனுப்புவதா, மனைவிக்கா என்று போனிலேயே வருஷக்கணக்கில் சண்டை போட்ட ஜோடிக்கு, அடியில் இருப்பது பணமல்ல, "என்னை நம்பவில்லையே" என்ற வருத்தம் என்பது அப்படித்தான் வெளியே வரும்.

சில சமயம் பிரிவதுதான் சரி என்று தெரியவரும். குழந்தை யாரிடம், நகை யாருக்கு என்று கத்தாமல் பேசி முடிப்பதும் அந்த அறையில் நடக்க வேண்டிய வேலைதான். சேர்ந்தவர், பிரிந்தவர் என்று இரண்டு கலம் போட்டு, சேர்ந்த எண்ணிக்கையை மட்டும் வெற்றியாக எழுதும் ரிப்போர்ட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. அடிபட்டு வந்தவளை "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று திருப்பி அனுப்பினாலும் அந்தக் கலத்தில் ஒன்று கூடும். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்கு அதே வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் தருகிறது.

1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தபிறகு, நம்மவர்கள் நேரே போலீசுக்குத்தான் போகிறார்கள். அதற்குமுன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் அங்கே உதவி இலவசம். அவசரத்துக்கு 181.