நெடுந்தீவுக் குதிரையும் எங்கள் வீட்டு இரத்தமும்

பதினொராம் தரப் பிள்ளைகளோடு குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போயிருந்தோம். அங்கே திரியும் கட்டைக் குதிரைகளைக் கண்டதும் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இதுகள் சாப்பாடில்லாமல் கட்டையாப் போனதா, பிறப்பிலேயே கட்டையா?" வெயிலில் நின்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். மிச்சத்தை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் தீவுகளுக்குக் குதிரை புதிதல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டாரைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உரியவருக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. குதிரை கொண்டுவருபவருக்கு அவ்வளவு சலுகை!

எதிர்க்கரையில் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் சேர்த்தாலும் அங்கே உருப்படியான குட்டி பிறப்பதில்லை என்று எழுதினார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் கொடுப்பதையும் அவரே எழுதியிருக்கிறார். தீனியும் காலநிலையும் உடம்பை மாற்றும். ஆனால் பெற்றோரின் பரம்பரையலகை அவை திருத்தி எழுதுவதில்லை. உயரம் என்பது தீனியும் பிறப்பும் சேர்ந்தது. எங்கள் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் ஊரின் பெயரையே நெடுந்தீவுக்கு வைத்து, அங்கே குதிரை வளர்த்தார்கள். குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் பார்த்துத் தெரிந்தே இனம் சேர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அந்தத் தொழில் படுத்தது. கைவிடப்பட்ட குதிரைகள் காட்டுக் குதிரையாகின. அதன்பின் தெரிவு செய்தது மனிதனல்ல, கோடை. தண்ணீரில்லாத மாதங்களைத் தாண்டியவைதான் குட்டி போட்டன. மிச்சப் பதில் அதில் இருக்கிறது.

ஆனால் கண்ணால் பார்த்துத் தெரிவதில் ஒரு குறை உண்டு. உள்ளே மறைந்திருப்பது தெரியாது. அதைக் கணக்காகக் காட்டியவர் மெண்டல். பட்டாணிச் செடியில் கண்டதை 1866இல் வெளியிட்டார்; உலகம் 1900இல்தான் திரும்பிப் பார்த்தது. ஒவ்வோர் இயல்புக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு காரணிகள். ஆட்சியானது வெளியே தெரியும், பின்னிடைவானது பதுங்கியிருக்கும். இரண்டு கறுப்புக் குதிரைகளுக்குச் செந்நிறக் குட்டி பிறக்கலாம். யாரும் தவறு செய்யவில்லை. இருவரிடமும் அது மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த சிறு கூட்டத்தில், ஒரே மூதாதையின் மறைகாரணி இரு பக்கத்தாலும் வந்து சந்திப்பது இலகு. நாங்களும் அப்படித்தானே? தமிழரோ முஸ்லிம்களோ, மாமி மகள், மச்சான் என்று சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் பேசுகிறோம். அது பாவமுமல்ல, குற்றமுமல்ல. ஆனால் தலசீமியா போன்ற இரத்த நோய் வருவதும் இந்தக் கணக்கால்தான். சொந்தத்துக்கு வெளியே முடித்தாலும் இருவரும் காவிகளாக இருக்கலாம்; சொந்தத்துக்குள் அந்த வாய்ப்புக் கூடும். காவி ஆரோக்கியமாகவே இருப்பார். இருவரும் காவிகளென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது பிழை. கடும் தலசீமியா வந்த பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு உம்மாவைக் குடும்பமே "உன் இரத்தம்தான் கூடாது" என்று சொல்லிச் சொல்லி நோகடித்தது. பாதி வாப்பாவிடமிருந்து வந்தது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாங்கள் வகுப்பில் நிற்கிறோம்.

நிகாஹ் பேசும் வீடுகளுக்கும் கலியாணம் பேசும் வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். சீர்வரிசை பேச முன்னம் இரு பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பக்கத்து அரச வைத்தியசாலையில் விசாரியுங்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையமே இருக்கிறது. ஒல்லாந்தனுக்குக் கண் மட்டும்தான் இருந்தது. எங்களிடம் ஒரு துளி இரத்தத்தை வாசிக்கும் அறிவு இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, பெற்றவளைப் பழி சொல்லாதீர்கள்.