ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையும் திம்பிலாவும்

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் பழைய புகைப்படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். அரங்கில் கறுப்புத் தொழிலாளர்கள் ஆடுகிறார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து ரசிக்கிறார்கள். வாரமெல்லாம் பாறை உடைத்தவர்களின் ஓய்வுநாள் அடுத்தவருக்குப் பொழுதுபோக்கு. அந்த ஆட்டங்களில் பேர்போனது மொசாம்பிக்கின் சோப்பி மக்களுடைய திம்பிலா.

தனிக் கருவிக்கு ம்பிலா என்று பெயர். பல சேர்ந்தால் திம்பிலா. மெதுவாக வளரும் ம்வெஞ்ஜே மரத்தின் பட்டைகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குடுக்கையைத் தேன்மெழுகால் ஒட்டுவார்கள். குடுக்கையின் துளையில் மெல்லிய சவ்வு. அடித்தால் மரத்தின் ஒலியோடு ஒரு ரீங்காரமும் எழும். ஐந்து கருவி முதல் முப்பது வரை சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் உண்டு.

முழு நிகழ்ச்சிக்கு ம்கோதோ என்று பெயர். பல பகுதிகள் கொண்டது. அதில் ம்ஸேனோ என்ற பகுதி வரும்போது கருவிகள் தணிந்துவிடும், சொல் துலங்கும். பாட்டுக்கு முதலில் பிறப்பதும் சொல்தான். பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து மெட்டு வரும். அந்தச் சொல் என்ன சொன்னது? குடிசை வரியை, உள்ளங்கையில் அடிக்கும் போர்த்துகீசிய தண்டனையை, அதிகாரிக்கு வால்பிடிக்கும் ஊர்த்தலைவரைப் பாடியது. எசமானுக்கு மொழி தெரியாது. கைதட்டினான்!

தோழர்களே, இவர்கள் ஆசைப்பட்டு சுரங்கத்துக்குப் போனவர்கள் அல்ல. ஊரில் இருந்தால் 'சிபாலோ' என்னும் கட்டாய வேலைக்குப் பிடித்துப்போவார்கள். அதற்குச் சுரங்கமே மேல் என்று எல்லை தாண்டினார்கள். அதிலும் போர்த்துகீசிய அரசுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு. 1928 ஒப்பந்தப்படி கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஊர் திரும்பிய பிறகே கொடுத்தார்கள். சுரங்க முதலாளிகள் தொழிலாளிகளை இனவாரியாகத் தனித்தனிக் கொட்டடிகளில் அடைத்தார்கள். ஆட்டமும் இனவாரியாகத்தான். ஒன்றாகச் சேர்ந்து கூலி கேட்பதைவிட, தனித்தனியாக ஆடுவது அவர்களுக்கு வசதி.

இந்தப் பாட்டுகளை எழுதிவைத்தவர் ஹியூ டிரேசி. 1948இல் புத்தகமாக வெளியிட்டார். சுரங்கம் ஒன்றில் அந்த ஆட்ட அரங்கை வடிவமைத்தவரும் அவரே. நன்றியும் சந்தேகமும் சேர்ந்தே வருகிறது எனக்கு.

வெனான்சியோ ம்பான்டே பதின்வயது முடியும்போது சுரங்கத்துக்குப் போனவர். அங்கே பல பத்தாண்டுகள் குழு நடத்தி, 1990களில் ஊர் திரும்பி, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2005இல் யுனெஸ்கோ திம்பிலாவை மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது. ம்வெஞ்ஜே மரம் அருகிவருகிறது. ஆனால் இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களில் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.