டோரி கேன்யனும் பழுப்பு இறாலும்

ஒரு ரசாயனத்தைக் கடலில் கொட்டலாமா என்று இறாலிடம் கேட்கும் வழக்கத்தின் கதையைத் தேடினால், 1967 மார்ச் 18-ஐ ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அன்றுதான் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் நடுவிலுள்ள செவன் ஸ்டோன்ஸ் பாறைத்திட்டில் ஏறியது. உள்ளே சுமார் 1,19,000 டன் குவைத் கச்சா எண்ணெய்.

கப்பலைக் கொளுத்த விமானத்திலிருந்து குண்டு போட்டதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது டிடர்ஜெண்ட். கடலிலும் கரையிலுமாகக் கிட்டத்தட்ட 10,000 டன் அடித்தார்கள். பெயரைப் பார்த்து வீட்டுச் சோப்புப் பொடின்னு நினைச்சுடாதீங்க. மண்ணெண்ணெய் வகையறாக் கரைப்பான்கள் அதில் ஏராளம். விஷம் பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

பிளிமத் கடல் உயிரியல் ஆய்வகத்தில் இதைக் கொட்டலசின் லார்வாக்கள் மீது சோதித்தார்கள். (பாறையில் ஒட்டிக்கிடப்பதால் கொட்டலசு சிப்பி மாதிரி தெரியும், உண்மையில் இறாலுக்குப் பங்காளி.) மீன்வள ஆய்வாளர்கள் பழுப்பு இறாலை எடுத்துக்கொண்டார்கள். முறை ரொம்ப எளிது: தொட்டிகளில் கடல்நீர், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்து, 48 மணி நேரம். பாதி இறால் எந்த அளவில் சாகிறது என்று பார்ப்பது. அதிகம் பயன்படுத்திய பிபி 1002-க்கு, பத்து லட்சம் பங்கு நீரில் பத்துப் பங்குகூடத் தேவைப்படவில்லை.

கரையும் அதையேதான் சொன்னது. பாறையை அப்பிக்கொண்டு பாசி மேயும் லிம்பெட் நத்தைகள் எண்ணெயைத் தாங்கின. மருந்தடித்த இடங்களில் கூட்டமாகச் செத்தன. மேய ஆளில்லாமல் பாறையெல்லாம் பச்சைப் பாசி மூடியது. காட்ரெவியில் கடல்நாய்கள் இருந்ததால் மருந்தடிக்கவில்லை. அங்கே இரண்டு மூன்று வருஷத்தில் கரை பழைய நிலைக்கு வந்துவிட்டது. தாராளமாக அடித்த இடங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேலும் ஆனது.

பிற்பாடு பிரிட்டனில் இந்த மாதிரி மருந்துக்கு அனுமதி வேண்டுமானால் பழுப்பு இறாலைத் தாண்டித்தான் வரணும் என்றாகிவிட்டது. ஒரு தொட்டியில் வெறும் எண்ணெய், இன்னொன்றில் எண்ணெயும் மருந்தும். 100 நிமிடம் கழித்து இறால்களை நல்ல நீருக்கு மாற்றி, சாவை எண்ணுவார்கள். கேள்வியைக் கவனிங்க: மருந்து நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய் மட்டும் கொல்வதைவிட அதிகமாகக் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இது குறைந்தபட்சக் கேள்வியாகத்தான் படுகிறது. ஆனால் 1967-ல் மருந்தடிப்பதற்கு முன் அந்தக் கேள்விகூட இல்லை.

பாறைக்கரைக்கு இறாலின் சாட்சி மட்டும் போதாது என்று, அங்கே அடிக்கும் மருந்தை லிம்பெட்டிலும் தனியாகச் சோதித்தார்கள்.