இரண்டு திருகோணமலைகள்: ஜேசன் தரவில் ஓகாரக் குறியின் இருவேறு வடிவங்கள்

ஜேசன் பகுப்பிகளைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் நிக்கோலா செரியோவிடம் போய்த்தான் திரும்பவேண்டியிருக்கிறது. 2016 அக்டோபரில் அவர் வெளியிட்ட ஆய்வு ஜேசனைப் பகுப்பதை ஒரு கண்ணிவெடி நிலம் என்றது. நூற்றுக்கணக்கான சோதனைக் கோப்புகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: பகுப்பி ஏற்றே ஆகவேண்டியவை, மறுத்தே ஆகவேண்டியவை, எப்படிச் செய்தாலும் விதிக்கு உட்பட்டவை. எந்த இரண்டு நிரலகங்களும் முற்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது அவர் கண்ட முடிவு. விதிநூல்கள் இடைவெளி விட்டதால் பகுப்பிகள் ஆளுக்கொரு வழி போகின்றன. ஆபத்து அங்கேதான் என்பது அவருடைய வாசிப்பு.

ஐரோப்பிய மொழித் தரவுக்கு அந்த வாசிப்பு பெரிதும் பொருந்தும். தமிழ்த் தரவைப் பொறுத்தவரை அதை நான் ஏற்கவில்லை. நம்முடைய ஆபத்து பகுப்பிகள் ஒத்துப்போகும் இடத்தில் இருக்கிறது.

சான்றாக ஒரே ஒரு சொல்லை, இலங்கை மாவட்டம் ஒன்றின் பெயரை எடுத்துக்கொள்கிறேன்: திருகோணமலை. இதில் 'கோ' என்னும் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை (பத்தடிமான எண் 2965) அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக, 3019 என வைக்கலாம். அல்லது இரட்டைக்கொம்பை 3015 ஆகவும் அரவை (ா) 3006 ஆகவும் தனித்தனியே வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இவை நிகரானவை என்றே சொல்கிறது. என்எஃப்சி என்ற சீராக்கம் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும். ஆனால் முதல் வடிவில் சொல்லுக்கு 10 குறியெண்கள், யூடிஎஃப்-8இல் 30 பைட்டுகள். இரண்டாவதில் 11 குறியெண்கள், 33 பைட்டுகள்.

இந்த இரண்டையும் ஒரே ஜேசன் ஆப்ஜெக்ட்டில் இரண்டு சாவிகளாக வைத்தேன். முதல் சாவியின் கீழ் அம்மாவட்டத்து ஊரான மூதூர், இரண்டாவதின் கீழ் அங்குள்ள இன்னோர் ஊரான குறிஞ்சாக்கேணி. பிஎச்பியின் ஜேசன் டிகோட் அதை முறைப்பாடின்றி ஏற்றது. பைத்தானும் பேர்லும் ஏற்றன. எல்லாம் இரண்டு மாவட்டங்களைத் திருப்பிக் கொடுத்தன. செரியோவின் மூன்று பெட்டிகளில் இந்தக் கோப்பு விழுவது முதல் பெட்டியில், மறுக்கவே கூடாத கோப்புகளின் நடுவில். பிழைச்செய்தி எதுவும் வராது. மாவட்டத்தின் பெயரைச் சொல்லித் தேடுகிறவருக்குக் குறிஞ்சாக்கேணி கிடைக்காது.

செரியோ இந்தச் சிக்கலை அறியாதவர் அல்லர். மேற்குறி ஏறிய இலத்தீன் e எழுத்தைச் (é) சேர்ந்த வடிவிலும் பிரிந்த வடிவிலும் சாவிகளாக வைத்து அவரும் சோதித்திருக்கிறார். பெரும்பாலான பகுப்பிகள் இரண்டு சாவிகளையும் வைத்துக்கொண்டன. ஸ்விஃப்ட் மொழிச் சூழலில் மட்டும் இரண்டும் ஒன்றாயின, ஏனெனில் அம்மொழி நிகர்வடிவங்களைச் சமமாகவே கருதும். இதை அவர் பகுப்பிகளிடையே உள்ள இன்னொரு வேறுபாடாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான் மாறுபடுவது இங்கேதான். பிரெஞ்சு விசைப்பலகையில் அந்த எழுத்து ஒரே விசை. பிரிந்த வடிவை ஒருவர் தேடிப்போய்த்தான் உண்டாக்க வேண்டும், ஆகவே அது அவருக்கு ஆய்வகத்துப் பொருள். ஓகாரமோ தமிழில் பார்வைக்கே இரண்டு துண்டு. தட்டச்சுப் பொறியில் நம் முன்னோர் கொம்பை அடித்து, மெய்யை அடித்து, பிறகு அரவை அடித்தார்கள். பிரிந்த வடிவம் நம் கைப்பழக்கத்திலேயே இருந்தது. இலங்கையின் 25 மாவட்டப் பெயர்களில் கொழும்பு, அம்பாந்தோட்டை, கிளிநொச்சி, திருகோணமலை, பொலன்னறுவை, மொனராகலை ஆகிய 6 பெயர்களில் ஒகரக் குறியோ ஓகாரக் குறியோ வருகிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐயத்துக்கு இடமாகும்போது அதை ஓரச்சோதனை என்று ஒதுக்கமுடியாது.

விதிநூல்களின் மௌனத்தையும் பார்க்கவேண்டும். 2006 ஜூலையில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு எழுதிய ஆர்எஃப்சி 4627 சொற்சமம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2014இன் ஆர்எஃப்சி 7159 சொல்கிறது: பின்சாய்வுக்கோட்டுடன் எழுதிய எழுத்தும் நேரடியாக எழுதிய அதே எழுத்தும் சமம் என்று கொள்ளவேண்டும். 2015இல் டிம் பிரே பதிப்பித்த ஐ-ஜேசன் இன்னும் ஒரு படி போய் இரட்டைச் சாவிகளைத் தடைசெய்தது. ஆனால் 'இரட்டை' என்பதற்கு அது தரும் வரையறை ஒரே குறியெண் வரிசை என்பதுதான். ஆக, இரண்டு திருகோணமலைகள் உள்ள கோப்பு கறாரான அந்த விதிக்கும் முழுமையாக உட்பட்டது. 2020இன் ஆர்எஃப்சி 8785, சீராக்கத்தைக் கருத்தில் கொள்வதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கையொப்பமிட்ட தரவில் ஒரு பைட்டுகூட மாறக்கூடாது என்பதால் அந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஸ்விஃப்ட்டின் வழியிலும் இழப்பு உண்டு: சாவிகள் ஒன்றானதும் மூதூர், குறிஞ்சாக்கேணி இரண்டில் ஒன்று ஓசையின்றி விழுந்துவிடும். எனவே சீராக்கம் நடக்கவேண்டிய இடம் பகுப்பி அன்று, தரவை முதன்முதலில் குறியாக்கும் இடம் என்பது என் துணிபு. பிஎச்பி 5.3இலிருந்து நார்மலைசர் என்னும் வகுப்பு அதற்கென்றே இருக்கிறது.

இனி வரலாற்றுக் கேள்வி: பிரிந்த ஓகாரம் ஜேசன் கோப்புக்குள் எந்த வழியாக வந்தது? இங்கே சான்று மெலிவு. இருந்தும் எழுத்துரு மாற்றிகள் வழியாகத்தான் அது பெரும்பாலும் வந்தது என்று நான் வாதிடுகிறேன்.

ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவில் கோ என்பது மூன்று ஆங்கில விசைகள்: இரட்டைக்கொம்புக்குப் பெரிய என், ககரத்துக்குச் சிறிய எஃப், அரவுக்குச் சிறிய எச். திருகோணமலை முழுவதும் வெறும் 10 பைட்டுகள். அதை அப்படியே ஜேசனில் இட்டாலும் எந்தப் பகுப்பியும் மறுக்காது, ஏனெனில் அது தூய ஆங்கில எழுத்து வரிசை. எந்த எழுத்துரு என்பதைக் குறிக்க ஜேசனில் இடம் கிடையாது.

பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் விதிகளின் வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிஎச்பியின் எஸ்டிஆர் ரிப்ளேஸ் தரப்பட்ட விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். 'கொம்பு, ககரம்' என்ற ஈரெழுத்து விதி முன்னே வந்தால் கே ஆகிவிடும். தனித்து நிற்கும் அரவு பிறகு மாறும். விளைவு 2965, 3015, 3006. மூவெழுத்து விதியை முதலில் எழுதியவருக்கு 2965, 3019 கிடைக்கும். அதே அட்டவணையை எஸ்டிஆர்டிஆர் என்னும் செயற்கூற்றுக்குக் கொடுத்தால் அது நீளமான விதியையே முதலில் தேடும், வரிசை பொருட்டாகாது. ஒரே அட்டவணை, இரண்டு செயற்கூறுகள், இரண்டு திருகோணமலைகள். கொம்பை மெய்க்கு முன்னே வைத்த டிஸ்கி குறியாக்கத்திலிருந்து மாற்றும்போதும் இதே இடறல்தான்.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆப்பிள் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு 1998 முதல் கோப்புப் பெயர்களைப் பிரிந்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிச் செய்வதில்லை. கோப்புப் பெயர்களைப் பட்டியலிட்டு ஜேசனாக்கிய எந்த நிரலும் மாற்றி எதுவும் இல்லாமலே பிரிந்த ஓகாரத்தைத் தந்திருக்கும். ஒரு பழைய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு வழிகளில் அது எதன் வழி வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாற்றிகள் பெரும்பாலும் நாளிடப்படாதவை. கோப்புப் பெயர் அல்லாத இடங்களில், உரைநடைக்குள்ளும் முகவரிக்குள்ளும் பிரிந்த வடிவம் வந்தால் மாற்றியின் பக்கம் தராசு சாயும் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

காலக்கணக்கில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2006 நவம்பரில் பிஎச்பி 5.2 ஜேசன் என்கோடைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2008 அக்டோபரில் பைத்தான் 2.6 தன் ஜேசன் கூறைச் சேர்த்தது. இரண்டுமே தமிழெழுத்து ஒவ்வொன்றையும் பின்சாய்வுக்கோடும் பதினாறடிமான எண்ணுமாக, எழுத்துக்கு 6 பைட்டு வீதம் எழுதின. குறிஞ்சாக்கேணி என்ற 14 குறியெண்கள் 42 பைட்டுக்குப் பதில் 84 பைட்டு ஆயின. நம்மவர்கள் இதைத் தமிழுக்கு இழைத்த அநீதி என்றே பேசினார்கள். 2012 மார்ச்சில் பிஎச்பி 5.4 நேரடி எழுத்தை அனுமதிக்கும் விருப்பத்தைத் தந்தபோது வரவேற்றவர்களில் நானும் ஒருவன். இன்று திரும்பிப் பார்க்கையில் அந்த அழகற்ற வடிவில்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது: மேற்கோள் குறிகளோடு ஒரு திருகோணமலை 62 பைட்டு, மற்றது 68, எண்கள் வரிசையாக நின்றன, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நேரடி எழுத்துக்கு மாறியபின் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன. வேறுபாடு மறையத் தொடங்கியது 2012க்குப் பிறகே என்று கருதுகிறேன், ஆண்டை அதற்குமேல் இறுக்க மனமில்லை.

ஸ்ரீ என்ற எழுத்தின் கதை வேறு. 2005இல் யூனிகோடு 4.1 தனிச் சகரமான ஶ-வைச் (2998) சேர்த்தபின் ஶ்ரீ, ஸ்ரீ என இரண்டு வழக்கு உண்டாயிற்று. அவை நிகர்வடிவங்கள் அல்ல. என்எஃப்சி அவற்றைத் தொடாது. ஔகாரக் குறியின் பின்துண்டுக்குப் பதிலாக ளகரத்தையே அடித்துவிடும் வழக்கமும் அப்படியே. அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

குறிஞ்சாக்கேணியைச் சோதனைக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. கிண்ணியாவை அடுத்த அந்த ஊரின் பெயரில் இரட்டைக்கொம்பு உண்டு, அரவும் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே மெய்யின் இருபுறமும் சேர்ந்து வருவதில்லை. ஆகவே அதற்கு ஒரே குறியெண் வடிவம்தான். 2021 நவம்பர் 23ஆம் நாள் அங்கே 'பாதை' எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். ஆங்கிலச் செய்திகளில் ஊர்ப்பெயர் பலவாறு எழுதப்பட்டது. தமிழிலும் ககர ஒற்றை விட்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஊரின் எழுத்துப்பிழையைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஊரைத் தன்னுள் வைத்திருக்கும் மாவட்டத்தின் பெயர் இரண்டாகப் பிளந்திருப்பதை எந்தக் கண்ணும் காணாது. என் சோதனைக் கோப்பில் குறிஞ்சாக்கேணி இன்னும் 33 பைட்டுச் சாவியின் கீழேயே இருக்கிறது. 30 பைட்டுத் திருகோணமலையைக் கேட்டால் மூதூர் மட்டும் வருகிறது.